தோணி, வத்தை, கட்டுமரம்: பாய்மரக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். நான் கடலுக்குப் போகவில்லை, கரையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று யாரைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாலும் கேட்பது இதே கேள்விகள்தான். கேட்டது கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். பதிலில் பாதி தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் சொன்னது, மீதி நான் தேடிப் படித்தது.

தோணி, வள்ளம், வத்தை, கட்டுமரம்... எல்லாம் ஒண்ணுதானே? ஊருக்கு ஊர் பேர் மாறுது, அவ்வளவுதானே?

இல்லை. கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது, மிதக்கிற மரங்களைச் சேர்த்துக் கட்டியது. வள்ளம் என்பது குடைந்த மரமோ பலகை அடித்த படகோ, மீன்பிடிக்கப் போவது. வத்தை பாக் நீரிணைப் பக்கம், கோடியக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் உள்ள ஆழமில்லாத கடலுக்கென்றே வந்த, அடி தட்டையான பலகைப் படகு. தூத்துக்குடியில் தோணி என்றால் சரக்குக் கப்பல். மற்ற ஊர்களில் சின்ன ஓடத்தையும் தோணி என்பார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் இத்தனை வகை என்றால், கரை அப்படி. சென்னைப் பக்கம் அலை மடிந்து விழுகிற மணற்கரை. பாக் நீரிணையில் சேறும் ஆழமில்லாத தண்ணீரும். தூத்துக்குடிக்கு எதிரே தீவுகளும் பாரும் (கடலடிப் பாறைத் திட்டும்) அலையைத் தடுத்து நிற்கின்றன. எந்த ஊர்க்காரனும் பக்கத்து ஊர்ப் படகை வாங்கி அப்படியே ஓட்டிவிட முடியாது.

தோணின்னா சின்னதாதானே இருக்கும்? அதுல எப்படிக் கொழும்பு வரைக்கும் போனாங்க?

சின்னது இல்லை. நூறு டன்னிலிருந்து முந்நூறு டன் வரை சரக்கு ஏற்றுகிற தோணிகள் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு மாடி வீட்டுச் சுவர் மாதிரி இருக்கும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல், மாலத்தீவின் மாலே சுமார் 400 கடல் மைல். வெங்காயம், மிளகாய் வற்றல், உப்பு, கருவாடு, ஓடு, சிமென்ட், எது கிடைத்தாலும் ஏற்றினார்கள். மணிக்கு நாலு கடல் மைல் ஓடினாலே ஒன்றரை நாளில் கொழும்பு. காற்று படுத்துவிட்டால் மூன்று நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும்.

இன்னொரு வேலையும் தோணிக்கு இருந்தது. தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நங்கூரம் போடும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கைக் கொண்டுபோய்க் கொண்டுவந்ததெல்லாம் தோணிதான். 1974-இல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, கப்பல் நேராகக் கரையணைய ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று.

ஆங்கிலத்துல ‘கேட்டமரன்’னு சொல்றது நம்ம கட்டுமரம்தானா, இல்ல சும்மா பெருமைக்குச் சொல்றோமா?

சொல் நம்முடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-இல் வெளியான தன் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். பொருள்தான் வழியில் மாறிவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் ஓடுகிற சொகுசுப் படகுக்கு இரண்டு உடல், நடுவில் பாலம் மாதிரி ஒரு தட்டு. அது பசிபிக் தீவுக்காரர்களின் அமைப்பு. பெயர் நம்முடையது, படகு அவர்களுடையது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, நான் என்ன செய்ய.

கட்டுமரத்துல ஓட்டை ஓட்டையா இருக்கே, தண்ணி வந்தா மூழ்காதா?

எங்கே வந்து நிரம்பும்? அதற்கு வயிறே இல்லையே. மேலே ஏறுகிற தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாகவே இறங்கிவிடும். அலை மடிந்து தலைக்கு மேல் விழுந்தாலும் ஆள் நனைவான், மரம் கிடக்கும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்வார்கள். துறைமுகம் இல்லாத மணற்கரைக்கு இதைவிட நல்ல படகு கிடையாது என்பது என் கட்சி.

அதன் எதிரி ஊறல்தான். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் மரம் நீர் குடித்துக் கனத்துப்போகும். அதனால் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டு, மறுநாள் விடியுமுன் திரும்பக் கட்டுவார்கள். நான் பன்னிரண்டு வயதில் ஒருமுறை ஏறினேன். நிற்கத் தெரியாமல் நின்றதில் அலை தூக்கியபோது இரண்டு மரத்துக்கு நடுவே கால் சிக்கி, கணுக்கால் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. அதில் நிற்கிறவர்கள் பாதத்தை மரத்தின் போக்கிலேயே நேராக வைப்பார்கள், குறுக்கே வைக்க மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

எந்த மரத்துல செய்வாங்க? தேக்கா?

தேக்குக்குக் கையில் காசு வேண்டும். கட்டுமரத்துக்கு லேசான, நன்றாக மிதக்கிற மரம் வேண்டும். முருக்கு, பெருமரம், மலைவேம்பு மாதிரி. பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து வரும். தோணிக்கு நேர்மாறு. கெட்டியான, உப்புத் தண்ணீரைத் தாங்குகிற மரம். பலகைக்கு அயினி, வேம்பு, இலுப்பை, எது வாய்க்கிறதோ அது.

உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கிற சட்டங்களுக்கு வங்கு என்று பெயர். நேரான மரத்தை வளைத்து வங்கு செய்வதில்லை, வளைந்தே வளர்ந்த மரமாகத் தேடுவார்கள். கருவேல், புன்னை, வாகை என்று கிளை பிரிகிற இடத்தைப் பார்த்து வெட்டினால் நார் அறுபடாமல் வளைவிலேயே ஓடும், பலம் போகாது. தோணி கட்டுகிற தச்சருக்கு எங்கள் பக்கம் ஓடாவி என்று பேர். ஓடாவிகள் ரோட்டில் போகும்போது மரத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. ஒருவர் எங்கள் தெருக்கோடி வாகையை அண்ணாந்து பார்த்து, ‘இதுல ரெண்டு வங்கு நிக்குது’ என்றார்.

வரைபடம், பிளான் எதுவுமே இல்லாம கட்டினாங்களாமே, நிஜமா?

காகிதத்தில் வரைபடம் இல்லை என்பது சரி. அதற்காகக் கண்மதிப்பில் அடித்துக் கூட்டினார்கள் என்று நினைக்கக் கூடாது. முதலில் ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடுகிற முதுகெலும்பு மரம். அதன் நீளத்தைச் சொன்னால் அகலம், உயரம், பாய்மரத்தின் நீளம் எல்லாம் எவ்வளவு என்று ஓடாவி விரல்விட்டுச் சொல்லிவிடுவார். எல்லாம் விகிதம்.

வத்தை கட்டுகிறவர்களிடம் இன்னும் நுணுக்கமான ஏற்பாடு உண்டு. வங்கின் வடிவத்துக்கு ஒரு அச்சு வைத்திருப்பார்கள், அதில் கோடுகள் குறித்திருக்கும். நடுவங்குக்கு ஒரு கோடு, அணியத்தை (முன்பக்கத்தை) நோக்கிப் போகப்போக அடுத்தடுத்த கோடு. அச்சை அந்தக் குறிக்கு நகர்த்தி வரைந்தால் ஒவ்வொரு வங்கின் வளைவும் தானாக வரும். பலகை அடிப்பதற்கு முன்பே படகின் உருவம் முடிவாகிவிடுகிறது. 1990-களில் இதை வந்து ஆராய்ந்தவர்கள், மத்தியதரைக் கடல் நாடுகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வழங்கிய முறையோடு இது ஒத்துப்போகிறது என்று வியந்து எழுதினார்கள். எப்படி ஒத்துப்போயிற்று என்பதைக் கடைசிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியில் பார்க்கலாம்.

ஆணியே அடிக்காம, துணி தைக்கிற மாதிரி தைச்ச படகு உண்டாமே?

உண்டு. சென்னைக் கரையின் மசூலா படகு அப்படிப்பட்டது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, நடுவே நாரை வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். வங்கும் கிடையாது. ஆணி அடித்த படகு மணல்மேட்டில் மோதினால் பிளக்கும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். சென்னைக்குத் துறைமுகம் வரும் வரை வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் அவர்களுடைய பீரோ கட்டில்களும் இந்தப் படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தன.

சமீபத்தில் கடற்படை இதே தையல் முறையில் ஒரு கப்பலையே கட்டவைத்தது. கௌண்டின்யா என்று பெயர், 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்டார்கள். அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஒரு கப்பலைப் பார்த்து, கேரளத் தச்சர்கள் தைத்தது.

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இடைவெளி இருக்கும்ல? அதுல தண்ணி வராதா?

வரும். புதுத் தோணியிலும் கொஞ்சம் வரும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை அடைக்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். பஞ்சைத் தொடையில் வைத்துத் திரியாக உருட்டி, எண்ணெயில் தோய்த்து, பலகை இடுக்கில் வைத்து, முனை மழுங்கிய உளியை அதன்மேல் நிறுத்திக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) தட்டுவார்கள். முதல் சில தட்டுக்கு ‘தொப் தொப்’ என்று கேட்கும். திரி நன்றாக உள்ளே இறுகியதும் சத்தம் மாறி ‘டங்’ என்று வரும். அந்தச் சத்தம் வந்தால் அடுத்த சாணுக்கு நகர்வார்கள். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து அடிக்கிறபோது தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும், யாரோ தோணியைக் கரையேற்றியிருக்கிறார்கள் என்று. அப்புறம் குங்குலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார்கள். அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் கோவில் வாசனை இல்லை, தாத்தா வாசனைதான்.

தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி உப்பி மீதி இடைவெளியையும் அடைத்துக்கொள்ளும். இதனால்தான் தோணியை ரொம்ப நாள் வெயிலில் போட்டுவைக்க மாட்டார்கள். கட்டுமரத்துக்கு வெயில் மருந்து, தோணிக்கு அதே வெயில் விஷம்.

காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம்தானே பாய்மரம் போகும்? அப்புறம் திரும்பி வர்றது எப்படி?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது, பதிலைக் கேட்டதும் பாதிப் பேர் நம்புவதில்லை. பாய்மரத்துக்கு நல்ல காற்று பின்னாலிருந்து தள்ளுகிற காற்று மட்டுமில்லை, பக்கவாட்டுக் காற்றும்தான். பாயைச் சாய்த்துப் பிடித்தால் காற்று அதைத் தாண்டி வழுக்கி ஓடும்போது படகை முன்னாலும் இழுக்கும், பக்கவாட்டிலும் தள்ளும். பக்கவாட்டுத் தள்ளலை ஏராவும் தண்ணீருக்குள் இருக்கிற உடலும் எதிர்த்து நிற்கும். மிஞ்சுவது முன்னோட்டம். ஏரா இல்லாத கட்டுமரத்தில் அதற்கென்று ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே கொழும்பு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. போகும்போது அது இடப்பக்கம் அடிக்கும், திரும்பும்போது அதே காற்று வலப்பக்கம் அடிக்கும். போகவும் வரவும் ஒரே காற்று! தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே தோணி ஓட்டம் அவ்வளவு செழித்ததற்கு நான் சொல்கிற காரணங்களில் இது முதலாவது. மாலே அப்படியில்லை, தென்மேற்கே இருக்கிறது. வாடையில் சுகமாகப் போய்விடலாம், திரும்பக் காற்று மாற வேண்டும். நேர் எதிர்க்காற்றில் வந்தே ஆக வேண்டுமென்றால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டியதுதான். ஒவ்வொரு வளைவிலும் பாய் கட்டிய நீளமான பருமலைப் பாய்மரத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுவது இருக்கிறதே, அதில்தான் ஆள் அடிபடுவது, கயிறு அறுவது எல்லாம் நடக்கும்.

காத்துக்கெல்லாம் தனித்தனிப் பேர் இருக்காமே?

வாடை வடக்கும் வடகிழக்கும். கொண்டல் கிழக்கு. கச்சான் மேற்கு. தெற்கிலிருந்து வருவதைக் கவிஞர்கள் தென்றல் என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கடலோடிகளுக்குத் தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், அது பலத்து அடிக்கும், கவிதை எழுத நேரம் இருக்காது. தண்ணீரின் ஓட்டத்துக்கு நீவாடு என்று பேர். காற்று ஒரு பக்கமும் நீவாடு எதிர்ப்பக்கமும் போனால் கடல் குத்துக்குத்தாக எழும், ஆடாத வயிறும் ஆடும்.

காத்தே இல்லன்னா என்ன பண்ணுவாங்க?

சும்மா இருப்பார்கள். வேறென்ன? கட்டுமரமும் வள்ளமும் துடுப்புப் போட்டு வந்துவிடலாம். முந்நூறு டன் தோணியைத் துடுப்புப் போட்டு நகர்த்த முடியாது. பாய் தொங்கிப்போய்க் கிடக்க, தண்ணீரும் அரிசியும் எத்தனை நாளைக்கு வரும் என்று சமையல் செய்கிற பண்டாரி கணக்குப் போடுவார். அந்த மாதிரி நாளில் நீவாடு வேறு படகைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். புயலைப் பற்றிக் கேட்டால் தாத்தா ரெண்டு வரியில் முடித்துவிடுவார், காற்றில்லாத நாட்களைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவார்.

ராத்திரி கரையே தெரியாதே, திசை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

பெரிய தோணிகளில் திசைகாட்டி இருந்தது, அதை மறைத்துப் பேசி மாயமாக்க வேண்டாம். அதோடு வானத்து மீன்கள், அதாவது நட்சத்திரங்கள்: துருவமீன், அறுமீன், விடிவெள்ளி. ஆனால் நம் ஊரிலிருந்து பார்த்தால் துருவமீன் அடிவானத்திலிருந்து ஒன்பது பாகைக்குள்தான் நிற்கும், கொஞ்சம் மேகம் வந்தாலே காணாமல் போய்விடும். அதனால் உதிக்கிற, மறைகிற மீன்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

கரைக்குப் பக்கத்தில் வந்தால் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று பார்ப்பது. இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் தரையில் கிடப்பது ஒட்டிக்கொண்டு வரும், மணலா சேறா சிப்பியா என்று தெரிந்துவிடும். பகலில் கரையிலிருக்கிற கோவில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரிகிற மலை உச்சியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். திருச்செந்தூர்க் கோபுரமும் மணப்பாட்டுக் குன்றும் வேண்டுதலுக்கு மட்டும் உதவியதில்லை.

ஒரு தோணியில எத்தனை பேர் இருப்பாங்க? யார் யாருக்கு என்ன வேலை?

தோணியின் அளவைப் பொறுத்து எட்டுப் பேரிலிருந்து பதினைந்து பேர் வரை. தண்டல் சொல்வதே கடைசிச் சொல். சுக்கான் பிடிக்கிறவர் சுக்கானி. சமையலுக்குப் பண்டாரி, பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பையன், முதல் பயணமாக இருக்கும். மற்றவர்கள் பாய் ஏற்றவும் இறக்கவும் தண்ணீர் இறைக்கவும். பாயைத் தூக்குகிற கயிறு ஆஞ்சான், பாயின் கோணத்தைப் பிடிக்கிற கயிறு தாமான். தண்டல் ‘தாமானை விடு’ என்றால் கேள்வி கேட்காமல் விட வேண்டும், காரணத்தைக் கரைக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம்.

பொம்பளைங்க ஏறக்கூடாதுன்னு சொல்வாங்களே, ஏன்?

ஏன் என்று யாரும் எனக்கு உருப்படியாகச் சொன்னதில்லை. தீட்டு, ராசி என்று பழைய கதைதான். மீனை விற்றுக் காசாக்கியதும், கயிறு திரித்ததும், கடன் வாங்கிக் குடும்பத்தை ஓட்டியதும் பெண்கள். பாம்பன், இராமேசுவரம் பக்கம் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள், கடல் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இது பரதவர் தொழில் மட்டும்தானே?

தூத்துக்குடியில் தோணிக்காரர்களில் பெரும்பாலோர் பரதவர், கத்தோலிக்கர்கள். 1530-களில் போர்ச்சுகீசியரோடு உறவு ஏற்பட்டு ஊரோடு மதம் மாறியவர்களின் வாரிசுகள். புதுத் தோணியைத் தண்ணீரில் இறக்கும் முன் பனிமய மாதாவை நினைக்காமல் இறக்க மாட்டார்கள். ஆனால் கடல் அவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கரையார். சரக்கு ஏற்றியவர்களில் நாடார், செட்டியார் எல்லாரும் உண்டு. கடைசியில் தோணி ஒருவருடையது, சரக்கு ஒருவருடையது, உயிர் இன்னொருவருடையது.

வருஷத்துல சில மாசம் தோணி எல்லாம் கட்டிக் கிடக்குதே, லீவா?

மே மாதத்துக்கு அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாவைப் புரட்டி எடுக்கும். அந்த மாதங்களில் தோணி கடலுக்குப் போகக்கூடாது என்பது இப்போது சட்டம். முன்பு அது தண்டல்களின் வழக்கம். நான் மேலே சொன்ன கலப்பத்து வேலையெல்லாம் அந்த மாதங்களில்தான் நடக்கும்.

இதை மீன்பிடித் தடைக்காலத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளுக்குப் போட்ட தடை. எஞ்சின் இல்லாத கட்டுமரத்துக்கும் பாய்மர வள்ளத்துக்கும் அது பொருந்தாது. ‘அவங்க மட்டும் போறாங்களே’ என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

வல்வெட்டித்துறையிலேருந்து ஒரு கப்பல் அமெரிக்காவுக்கே போச்சுன்னு ஒரு கதை சுத்துதே?

கதை இல்லை, நடந்தது. கப்பலின் பெயர் அன்னபூரணி. 1930-இல் வல்வெட்டித்துறையில் கட்டியது, இரண்டு பாய்மரம், 89 அடி நீளம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதைப் பார்த்து ஆசைப்பட்டு விலைக்கு வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக்காரர்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அப்புறம் அட்லாண்டிக், பெர்முடா. 1938 ஆகஸ்ட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது.

இதைச் சொல்லும்போது ‘காகித வரைபடம் இல்லாமல் கட்டியது’ என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அட்லாண்டிக்கைத் தாண்டுகிற கப்பலுக்கு ஓடாவியின் விகிதக் கணக்கு போதுமானதாக இருந்திருக்கிறது.

வத்தையில பலகையை வெளியே நீட்டி அதுமேல ஆள் நிக்கிறாங்களே, சர்க்கஸா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். அடி தட்டையான படகு, பெரிய பாய்கள், பக்கக் காற்று. விட்டால் கவிழ்ந்துவிடும். அதனால் படகின் குறுக்கே நீண்ட பலகையைப் போட்டு, காற்று வருகிற பக்கம் அதை வெளியே நீட்டி, அதன் நுனிக்கு ஆள் போய் நிற்பார். காற்று பலத்தால் இரண்டு பேர், இன்னும் பலத்தால் மூன்று பேர். காற்று சட்டென்று நின்றுபோனால் நுனியில் இருப்பவர் உள்ளே ஓடிவர வேண்டும், இல்லையென்றால் படகு அவர் பக்கம் சாயும், அவர் குளித்துவிட்டுத்தான் ஏறுவார்.

எஞ்சின் வந்ததும் பாயைத் தூக்கிப் போட்டுட்டாங்களா?

உடனே போடவில்லை. தூத்துக்குடித் தோணிகளில் 1980-கள் வாக்கில் எஞ்சின் ஏறியது. கொஞ்ச காலம் இரண்டும் இருந்தது, டீசல் மிச்சம் பிடிக்கப் பாயையும் விரித்தார்கள். பாய் போனதற்கு எஞ்சினை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1983-க்கு அப்புறம் இலங்கை ஓட்டம் ஒடுங்கியது, கொழும்புக்குப் போகிற சரக்கெல்லாம் கன்டெய்னருக்குள் போனது. இன்றைக்குத் தோணிகள் முக்கியமாக மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டுபோகின்றன. அரசாங்கக் காகிதத்தில் இப்போதும் அவற்றுக்குப் பெயர் ‘இயந்திரப் பாய்க்கப்பல்’. பாய் இல்லாத பாய்க்கப்பல்!

சுனாமிக்கு அப்புறம் கட்டுமரமே அழிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை. 2004-இல் கட்டுமரங்கள் ஆயிரக்கணக்கில் உடைந்தன. நிவாரணமாக வந்தது பெரும்பாலும் ஃபைபர் படகு. நல்ல மனசோடு கொடுத்தார்கள், ஆனால் யாருக்கும் மரம் கேட்கத் தோன்றவில்லை. அதற்கு முன்பே லேசான மரத்தின் விலை ஏறி, பையன்கள் எஞ்சின் பக்கம் சாய ஆரம்பித்திருந்தார்கள் என்பதும் நிஜம். இப்போது ஃபைபரிலேயே கட்டுமரம் வார்க்கிறார்கள். இராமேசுவரம் பக்கம் தெர்மாகோல் பலகையைச் சாக்கில் சுற்றிக் கட்டி ஏறிப்போகிறார்கள். அதுவும் கட்டுமரம்தான் ஒரு வகையில், மரம்தான் இல்லை.

சங்க காலத்துக் கப்பல் தொழில்நுட்பம் அப்படியே மாறாம வந்திருக்குன்னு எழுதலாமா?

‘அப்படியே’ என்று எழுதாதீர்கள். காற்றை வேலை வாங்கிக் கப்பல் ஓட்டிய செய்தி புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் கரிகாலனின் முன்னோரைப் பற்றி வருகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கிரேக்கக் குறிப்பான பெரிப்ளூஸ், நம் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய ‘சங்கரா’ என்ற பெரிய கலங்களைச் சொல்கிறது. ஆக ஓட்டம் பழையது. ஆனால் கையில் பிடித்திருக்கிற சாமான்களின் பெயரைப் பாருங்கள். சுக்கான் அரபு. நங்கூரம் பாரசீகம். கலப்பத்து போர்ச்சுகீசியரோடு வந்த சொல். வத்தை வங்கின் அச்சு முறையும் அப்படி ஐரோப்பியர் யாரிடமிருந்தோ வந்திருக்கலாம் என்றுதான் ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்கள். ஏரா, அணியம், பாய் நம்முடையவை. கடலோடி எந்த ஊர்த் துறையில் நல்ல கயிற்று முடிச்சைப் பார்த்தாலும் கற்றுக்கொண்டு வந்துவிடுவான், அதில் அவனுக்கு வெட்கம் இருந்ததில்லை.

இப்போ பாய் விரிச்சு ஓடுறதைப் பார்க்கணும்னா எங்கே போகணும்?

தூத்துக்குடியில் தோணியைப் பார்க்கலாம், பாயைப் பார்க்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களில் கோவில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். ஊர்க்காரர் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டால் தேதி தெரியும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது எந்தப் படகு ஜெயித்தது என்பதைவிட, வளைகிற இடத்தில் பலகையில் நின்றவர்கள் எப்படி இடம் மாறினார்கள் என்று பாருங்கள்.

எங்க தாத்தாவோட பழைய பாய் ஒண்ணு பரண்ல கிடக்கு, பருத்தித் துணி, காவி நிறம். வெச்சுக்கலாமா, தூக்கிப் போடவா?

போடாதீர்கள்! காவி நிறம் அழுக்கு இல்லை. உப்புத் தண்ணீரில் மக்கிப் போகாமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் முக்கியது. சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பை எடுத்துவிட்டு நிழலில் காயவிடுங்கள். மடித்த மடிப்பிலேயே வருஷக்கணக்காக வைத்தால் மடிப்பில் கிழியும், ஒரு மூங்கிலில் சுருட்டி வையுங்கள். ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கயிற்றையும் முடிச்சையும் பிரித்துவிடாமல் முதலில் நாலாபக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்தால் திரும்பப் போடத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருப்பார் என்ற நிச்சயம் இல்லை. எங்கள் வீட்டில் இருந்ததை 1990-களில் நெல் காயப்போட விரித்துத் தேய்த்துவிட்டோம். அதன் ஒரு மூலை மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஆஞ்சான் கட்டுகிற வளையத்தோடு.